வெள்ளம்

ஆறரைக்கு அலாரம்.
ஃபிஃபிட்டா முழங்கால் போட்டால் இரண்டு கட்டிலும் நகர்கின்றன.
தொங்காவில் அவனை அளந்துதான் கதவு வைத்திருப்பார்கள்.
கொழிஞ்சாம்பாறை வாடகை வீட்டிலோ
நிலைப்படி தினம் ஒருமுறை
அவன் நெற்றியில் கை வைத்து ஆசீர்வதிக்கிறது.

எட்டுக்கு வேதம். ஒன்பதுக்கு மொழிப்பாடம், அவனுக்கு மட்டும்.
நீ தமிழன், உனக்கெதற்கு என்று சொல்லி அனுப்பினார்கள்.
தைப்பிங் தமிழில் பாதியை
கோபாலபுரம் செக்போஸ்டிலேயே இறக்கிக்கொண்டார்கள் போல.
முதல் வாரம் ஒரு வாசலில்
"வெள்ளம் வேணோ?" என்றாள் ஒருத்தி.
நோவாவிலிருந்து தொடங்கச் சொல்கிறாள் என்று
பையைத் திறந்துவிட்டேன்.

வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பட்டை:
எல்டர் அங்கமுத்து.
அது என் பெயரில்லை. அப்பாவுடையது.
எல்டர் என்றால் மூப்பன் என்று ஒருவருக்குச் சொல்லப்போக,
அட்டப்பாடியில் ஓவர்சியராக இருந்தவர் அவர்,
"எந்த ஊருக்கு மூப்பன்?" என்று கேட்டார்.
பத்தொன்பது வயது.
மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை.

ஜூலை. கணவாய்க் காற்று எதிரே.
டை தோளைத் தாண்டிப் பறந்து
பின்னால் மிதிப்பவனுக்கு வழி சொல்கிறது.
கள்ளுக்கடைக்காரர் தினமும் நிறுத்துவார்.
"சி.எஸ்.ஐயா? பெந்தகோஸ்தா?"
மார்மன் என்றேன்.
"மாரியம்மனா? அதுக்கு எதுக்குடா டை?"
சிரிக்க முடியவில்லை என்னால்.
அப்பா அங்கே மாரியம்மன் கோயில் பொருளாளர்.
ரசீதுக்கடியில் கையெழுத்தாய் விழும் அதே பெயரைக்
குத்திக்கொண்டு
அவர் ஒப்பாத காரியத்தைச் சைக்கிளில் கொண்டுபோகிறேன்.

அன்று இருபத்திரண்டு வாசல்.
மாந்தோப்பில் வேலை செய்யும் கொண்டம்மா மட்டும்
உட்காரச் சொன்னாள். டீ வந்தது,
எவர்சில்வர் டம்ளரில், நுரையோடு.
"நாங்க டீ குடிக்கிறதில்லைங்க" என்றேன்
பயிற்சியில் பழகிய புன்னகையோடு.

அவள் டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.
"தோட்டத்து வீட்டு ஆளுங்களும் குடிக்கமாட்டாங்க.
வயிறு சரியில்லை, விரதம், இப்பத்தான் குடிச்சோம்.
நீங்க புதுசா ஒண்ணு சொல்றீங்க."

மனப்பாடம் செய்த இருபது நிமிடப் பாடம்
நாக்குக்கு அடியில் கிடந்தது.
டீ கூடாது என்பதை
எந்தத் தெருவில் நின்று சொல்கிறோம் என்று
கையேட்டில் ஒரு வரி இல்லை.

ஃபிஃபிட்டாவுக்கு எதுவும் விளங்கவில்லை.
அவனுக்குத் தாகம், அவ்வளவுதான்.
"வெள்ளம்" என்றான், அவனிடம் இருந்த ஒரே சொல்.
குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள்.
ஐந்து டம்ளர் குடித்தான். வாய் வைத்து, எச்சில் பட,
பட்டையில் வழிய.
லாரித் தண்ணீர், மூன்று நாளைக்கு ஒருமுறை வருவது.
"குடம் காலிடா பாவி" என்று திட்டத் தொடங்கி
பாதியில் சிரித்துவிட்டாள்.
அண்ணாந்து குடிக்கத்தான் அம்மா பழக்கியிருந்தாள்.
நானும் வாய் வைத்தே குடித்தேன்.

டீ ஆடை கட்டிவிட்டது.
பள்ளி விட்டு வந்த அவள் மகன் அதைக் குடித்துவிட்டு
ஃபிஃபிட்டாவின் சைக்கிள் மணியை
நாங்கள் கிளம்பும்வரை அடித்தான்.

இரவு ஒன்பதுக்குக் கணக்கு எழுத வேண்டும்.
பாடம் என்ற கட்டத்தில் சுழியம்.
குறிப்பு என்ற கட்டத்தில்,
நாளை அந்த வீட்டுக்கு இரண்டு குடம்.

திங்கள், துணி துவைக்கும் நாள்.
வீட்டுக்குப் பேசும் நாளும் அதுவே.
அம்மா திரையில் நெற்றி மட்டும் தெரிகிறாள்.
பின்னால் ஒரு லுங்கி அடுப்படிக்குப் போகிறது, வருகிறது.
பத்து மாதமாக என்னோடு பேசாத லுங்கி.
"அங்க தண்ணி எப்படின்னு கேளு," என்றது அம்மாவிடம்.
"வெள்ளம் நிறைய இருக்கும்மா" என்றேன்
வாய்ப்பழக்கத்தில்.

லுங்கி நின்றது.
அம்மாவின் கையிலிருந்த போன் ஆடி, கூரை தெரிந்து,
அப்பாவின் முகம் முழுசாய் வந்தது.
"வெள்ளமா? எவ்வளவு உயரம்டா? நீ எங்க நிக்கிறே?"

உடனே திருத்தவில்லை நான்.