மூன்று கிரெடிட்

செவ்வாயும் வியாழனும் இரண்டரை மணிக்கு
பள்ளி மினிபஸ் எங்கள் ஆறு பேரை
ஷார்ஜா யூனிவர்சிட்டி சிட்டியில் இறக்கிவிடும்.
பன்னிரண்டாம் வகுப்பிலேயே கல்லூரிப் பாடம் படிக்கலாம்,
பணம் கட்டினால்.
டையைக் கழற்றிப் பைக்குள் திணிப்போம்.
ஸ்கர்ட்டை என்ன செய்வது?
காப்பிக் கோப்பையும் கார்ச் சாவியுமாகப் போகிற அக்காக்கள்
எங்கள் வெள்ளைக் காலுறையை மட்டும்
பார்த்துவிட்டுப் போவார்கள்.

முதல் நாள் டாக்டர் ஹலா பட்டியலைப் பார்த்து
"மிஸ் எட்வின்" என்றார்.
யாரும் பேசவில்லை.
மறுபடியும் "மிஸ் எட்வின்".
எட்வின் என்பது அஜ்மானில்
அலுமினிய ஜன்னல்களுக்கு விலை போட்டுக்கொண்டிருக்கும்
என் அப்பா.
அவரை மிஸ் ஆக்கிவிட்டார்களே என்று
சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து
"பிரசன்ட் மிஸ்" என்றேன்.
கல்லூரியில் எழுந்து நிற்க வேண்டாமாம்.

பாடம் ஒன்றுக்கு மூவாயிரத்து நூறு திர்ஹம்.
ஸுனைரா நான்கு எடுத்தாள்.
நான் ஒன்று, நுண்பொருளியல்.
அந்த மாதம் மொய்தூட்டி இக்காவின் பக்காலாவில்
எங்கள் பக்கம் மட்டும் நீண்டுகொண்டே போனது.
304 குப்பூஸ். 304 தயிர். 304 முட்டை, அரை டிரே.
அந்த நோட்டின் அட்டையில்
மார்க்கரால் எழுதியிருப்பது கிரெடிட்.
என் பாடத்திட்டத்தின் முதல் வரியில் இருப்பதும்
அதே கிரெடிட்.
மூன்று.

ஒன்றை அடைய எதை விட்டுக்கொடுத்தாயோ
அதுதான் அதன் விலை, என்றார் டாக்டர் ஹலா
பலகையில் கோடு இழுத்தபடி.
மற்றவர்கள் கோட்டை வரைந்தார்கள்.
நான் ஓரத்தில் எழுதினேன்:
டிசம்பர் டிக்கெட்.
அம்மாவின் கடைவாய்ப் பல்.

ஆனாலும் பொய் சொல்லக் கூடாது,
பிடித்துத்தான் படித்தேன்.
தேவைக் கோடும் அளிப்புக் கோடும்
வெட்டிக்கொள்ளும் இடத்தில் பென்சிலை அழுத்தினால்
காகிதம் ஓட்டையாகும்.
அதன் வழியே அடுத்த வருஷம் தெரிகிற மாதிரி இருக்கும்.
ஏ மைனஸ் வந்தது.
அந்த மைனஸ் இரண்டு நாள் உறுத்தியது.

மே மாதம் கோயம்புத்தூரிலிருந்து கடிதம்.
இடம் உண்டு.
முன்பே பெற்ற கிரெடிட்டுகளை ஏற்க
விதிமுறைகளில் வழியில்லை.
ஸுனைராவுக்கு டொரண்டோவில் பன்னிரண்டும் செல்லும்,
கிட்டத்தட்ட ஒரு அரையாண்டு மிச்சம்.
எனக்கு அதே பாடம், அதே கோடு, மறுபடியும்.
அப்பா இரண்டு முறை படித்துவிட்டு
"பரவாயில்ல, உனக்கு ஈஸியா இருக்கும்" என்றார்.
பிறகு பால்கனிக்குப் போய்
ஏசி தண்ணீர் சொட்டும் வாளியைக் கவிழ்த்தார்.
அது பாதிகூட நிரம்பியிருக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி
பக்காலா கணக்கை முடிக்கப் போனேன்.
நாற்பத்தேழு எழுபத்தைந்து.
ஐம்பதை நீட்டிவிட்டுச் சொன்னேன்:
"இக்கா, எங்கிட்ட மூணு கிரெடிட் இருக்கு.
யாரும் எடுத்துக்க மாட்டேங்கறாங்க.
நீங்க வரவு வச்சுக்குவீங்களா?"

"சாதனமோ, பைசையோ?"

"படிப்பு."

அவர் சிரிக்கவில்லை.
பேனா எழுதவில்லை. உதறினார்.
சிகரெட் அட்டையில் கிறுக்கிப் பார்த்தார்.
304க்கு நேரே
இத்தனை வருஷமாக யாரும் தொடாத
வரவுப் பத்தியில்
3 என்று போட்டார்.
தேதி கேட்டார், சொன்னேன்.

இரண்டு திர்ஹம் காசாகத் தந்தார்.
காலுக்குச் சில்லறை இல்லை.
ஒரு பபிள்கம்.