பிடித்தம் போக

மணிக்கு இருபத்துமூன்றரை டாலர், எண்பது மணி நேரம்:
ஆயிரத்து எண்ணூற்று எண்பது.
இதுவரை பெருக்கத் தெரியாதவர் இந்தக் கிடங்கில் இல்லை.
அதற்கப்பால்தான் என் மேசைக்கு வருகிறார்கள்.

கார்ன்வாலில் நவம்பர். ஆற்றுக்கு அக்கரை அமெரிக்கா
மூடுபனியில் இருக்கிறதா இல்லையா தெரியவில்லை.
உறை அறையிலிருந்து நேராக வந்த தவசீலனின்
இமைகளில் வெண்பொடி. பேசப் பேச உருகிக்
கன்னத்தில் இறங்குகிறது.
அழுகிறார் என்று யாரும் நினைத்துவிடாதபடி
கையுறையால் துடைத்துக்கொண்டே கேட்கிறார்:

"கழிவெல்லாம் போகக் கையில எவ்வளவு வரும்?
உத்தேசமாச் சொல்லுங்கோ, காணும்.
அறை தாற மனுசி கேக்கிறா."

அவர் ஊரில் அது கழிவு.
என் ஊரில் பிடித்தம்.
எனக்குப் பிடிக்காத ஒன்றுக்கு
அந்தப் பெயர் வைத்தது யாரென்று தெரியாது.
இந்த நாட்டின் முதல் சம்பளச் சீட்டை
தப்பாய்ப் போட்டிருக்கிறீர்கள் என்று
இதே மேசைக்கு எடுத்து வந்து சண்டையிட்டவள் நான்.
இன்று நாற்காலியின் இந்தப் பக்கம்.

பீட்சா விளம்பரத்தின் பின்புறம் எழுதுகிறேன்.
ஓய்வூதியத்துக்கு நூற்று நான்கு:
அறுபத்தைந்து வயதுத் தவசீலன் என்று
இன்னும் பிறக்காத ஒரு கிழவருக்கு.
வேலை போகும் காலத்துக்கு முப்பத்தொன்று.
வரி, மத்திக்கும் மாகாணத்துக்குமாய்
இருநூற்று நாற்பத்தெட்டு.
அதில் எத்தனை காசு
போன வாரம் இவர் வழுக்கி விழுந்த தெருவுக்கு
உப்பாய் வந்ததோ, கணக்கில்லை.
சங்கத்துக்கு இருபத்திரண்டு.
இரும்பு முனைச் சப்பாத்துக்குத் தவணை பதினைந்து.

ஆயிரத்து நானூற்று அறுபது என்றேன்.
கோடு போடவில்லை.

விசைப்பலகைக்கு அடியில்
காலைத் தபாலில் வந்த கடிதம்.
குழந்தைப் பராமரிப்பு, சம்பளத்துக்கு முந்நூற்றுத் தொண்ணூறு,
அடுத்த வெள்ளி முதல்.
அவருக்குப் பின்னால் விடுப்புப் படிவத்தோடு
லூயிஸ் நிற்கிறான். தமிழ் தெரியாதவன்தான்.
ஆனாலும் தொகைகள் எல்லா மொழியிலும்
முகத்தில் தெரிந்துவிடுகின்றன.

"அவ்வளவும் வராது," என்றார் அவரே.
"கடிதம் வந்திருக்குமே?"

தலையாட்டினேன்.

"நான்தான் போய்க் கையெழுத்து வைச்சனான்.
என்ர கையால அனுப்பேக்க
ஒரு மாதம் காருக்கு டயர், ஒரு மாதம் வேற ஏதோ.
பிள்ளை கிங்ஸ்டன்ல. பல்லுக்குக் கம்பி கட்டவேணுமாம்.
கைக்கு வந்தாத்தானே மனம் மாறும்?
வராமலே போகட்டும்."

விளம்பரத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு
ஆறாவது வரியாய் எழுதினேன்.
ஆயிரத்து எழுபது. இப்போது கோடு போட்டேன்.
அவர் குனிந்து பார்த்தார்,
கீழே இருந்த விடையை அல்ல,
அதற்கு மேலே இருந்த வரியை.

"இதைக் கழிவெண்டு எழுதாதேங்கோ.
நீங்கள் ஒண்டு சொல்லுவியளே, அதை எழுதுங்கோ."

எழுதினேன். தாளை நாலாய் மடித்துச்
சட்டைப் பைக்குள் வைத்தார், பீட்சாப் படம் வெளியே தெரிய.
கதவுவரை போனவரிடம்
ஏதாவது நல்லதாய்ச் சொல்லி அனுப்ப வேண்டுமென்று,
சப்பாத்துக்கு இன்னும் இரண்டே தவணைதான்,
தை பிறந்தால் பதினைந்து டாலர் கூட வரும் என்றேன்.

நின்றார்.
"அதையும் அங்கயே போட ஏலுமோ?"

கடிதத்தை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தேன்.
அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை.
லூயிஸ் ஓரடி முன்னால் வந்தான்.