நாற்பத்துநாலு புள்ளி மூன்று

இரைச்சல் என்பது வேண்டாத ஒலி
என்று முதலில் எழுதியிருந்தேன்.
'யாருக்கு வேண்டாத?' என்று
ஓரத்தில் பென்சிலால் கேட்டு
வரைவைத் திருப்பிவிட்டார் செயல் அலுவலர்.
அடித்துவிட்டு எண் போட்டேன்:
குடியிருப்பு, இரவு, நாற்பத்தைந்து டெசிபல்.
எண்ணிடம் யாரும் 'யாருக்கு' என்று கேட்பதில்லை.

புதுவயல். இரவு பதினொன்றே கால்.
தெருவிளக்கு உயரத்துக்குத் தவிட்டு வாசம்.
மனுதாரரின் மதிலோரம் முக்காலியை நிறுத்தி
மீட்டருக்குக் கறுப்புப் பஞ்சுத் தொப்பி மாட்டினேன்.
"ஜாமூனா சார்?" என்றார்
அரிசி ஆலையின் இரவுக் காவல் பழனியாண்டி.

மனுதாரர் ஜெபமாலை,
தேவகோட்டை எக்ஸ்சேஞ்சில்
முப்பத்தோரு வருஷம் டிரங்க் கால் போட்டவர்.
பினாங்கிலிருந்து வரும் இரைச்சலுக்குள்
ஒரு 'ஹலோ'வைப் பொறுக்கி எடுத்த காது.
"காதுல கேக்கல சார்," என்கிறார்,
"பல்லுல கேக்குது."

மீட்டர் சொன்னது: நாற்பத்துநாலு புள்ளி மூன்று.
வேலிக்குள் ஒரு சில்வண்டு தொடங்கியதும் நாற்பத்தாறு.
"அப்ப அதுக்குத்தான் நோட்டீஸ்,"
என்று சிரித்தார் பழனியாண்டி.
சில்வண்டு அடங்கும்வரை நின்றோம்.

"அடுத்த மாசம் இன்னொரு மிஷின் வருதாம்,
அப்ப எண்பத்தெட்டா?"
இல்லையம்மா.
நாற்பத்துநாலும் நாற்பத்துநாலும்
சேர்ந்தால் நாற்பத்தேழு.
சொல்லும்போதே எனக்குக் கூச்சமாயிருந்தது.
வட்டிக்கணக்கு எழுதிய இந்த ஊரில்
எந்தப் பேரேடு இதை ஒப்பும்?

மீட்டரின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு.
ஏ என்றால் மனிதக் காது போலக் கேட்கும்;
அடிவயிற்று ஒலிகளை
ஈரத்துக்கென்று கிலோ தள்ளும் நெல் தரகர் மாதிரி
கழித்துவிட்டுத்தான் எண் சொல்லும்.
சி-யில் அவ்வளவு கழிவில்லை.
யாரும் சொல்லாமல் அதை அழுத்தினேன்.

அறுபத்தொன்பது.

ஜெபமாலை உள்ளே போய்
எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார்.
குடிக்க என்று கை நீட்டினேன்.
அவர் தரையில் வைத்தார்.
வட்டத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் வட்டம்,
ஒன்று கரையுமுன் ஒன்று.
பழனியாண்டியும் குனிந்து பார்த்தார்.
அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

படிவத்தில் சி-க்குக் கட்டம் இல்லை.
ஏ-க்கு மட்டும், சிவப்புக் கோடு போட்டு.
'மீறல் இல்லை' என்பதற்கு நேரே
பேனாவை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்.
குறிப்புகள் என்ற அரை அங்குல இடத்தில்
'டம்ளர்' என்று மட்டும் எழுதினேன்.
சிவகங்கையில் அதை யார் படித்து
என்னவென்று நினைப்பார்களோ.

கோப்பு மேலே போய் வரணும்,
நாளாகும் என்றேன்.
"பரவால்ல சார். லைன்லயே இருக்கேன்,"
என்றார், பழக்கத்தில்.

காரைக்குடிக்குக் கடைசி பஸ்.
ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து
வரையறையை மறுபடி மனசுக்குள் எழுதிப் பார்த்தேன்.
இரைச்சல் என்பது,
இரைச்சல் என்பது,
கண்டனூர் தாண்டியதும்
பல்லில் கேட்டது.