ஓசை பார்த்தல்

யீஷூன். புளோக்கின் கீழ்த்தளம்.
கல்மேசையின் சதுரங்கக் கட்டங்கள் மேல்
கறுப்புப் பெட்டியை வைத்துவிட்டு
இரண்டடி தள்ளி நிற்கிறான் ஜுன் காய்.
அறுபது வெள்ளி. பேரம் கிடையாது.
'அதிகம் புழங்காதது' என்று எழுதியிருந்தான்.
உள்ளே போகவேண்டிய எதையும் நான் இன்னும் வாங்கவில்லை.
முதலில் கூடு.

என் வேலை அவனுக்குத் தெரியாது.
புது வீட்டுச் சாவி வாங்கியவர்கள்
குடிபோகுமுன் என்னைக் கூப்பிடுவார்கள்.
நுனியில் உருண்டை வைத்த கம்பியால்
டைல்ஸை ஒவ்வொன்றாய்த் தட்டிக்கொண்டு போவேன்.
நிறைந்திருந்தால் டிக்.
அடியில் சிமெண்ட் எட்டாத இடத்தில் டொக்.
டொக் கேட்டால் நீல டேப்.
ஒன்பது வருஷம்.
விருந்துக்குப் போனாலும்
பீங்கானைச் சுண்டிப் பார்க்கிறேனாம்,
தங்கை மானம் போகிறது என்கிறாள்.

பக்கத் தகட்டைக் கழற்றி
எதிரெதிர் மூலை பிடித்து முறுக்கினேன்.
நமுத்த அப்பளம்.
அரை மில்லிமீட்டரும் சொச்சமும் இருக்கும்.
சட்டம் பரவாயில்லை, உலுக்கியும் முனகவில்லை.
ரிவெட்டில் ஒன்று கோணல்.
திருகாணிகள் கையாலேயே ஏறுகின்றன,
ஒன்றைத் தவிர; அது யாரோ அவசரப்பட்டது.
முன்பக்க யூஎஸ்பி ஆடும் பல்.
ரப்பர் கால் மூன்று. நான்காவதன் இடத்தில்
எட்டாய் மடித்த டோட்டோ சீட்டு.

உள்விளிம்பில் விரலை ஓட்டப் போனேன்.
"ஆன்ட்டி, அங்கே மட்டும் வேண்டாம் லா."
கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினான்:
வெள்ளைக் கோடாய் ஆறிய வெட்டு.
மடக்காமல் விட்ட தகட்டோரத்தில்
துடைத்தும் போகாத பழுப்புப் பொட்டு.
ஒன்பது வருஷத்தில்
எந்தக் குத்தகைக்காரரும் எனக்கு
இப்படி விரல் காட்டியதில்லை.

கடைசியாய், பழக்கதோஷம்,
விரல்முட்டியால் தட்டினேன்.
டொக்.
மேலே டொக். கீழே டொக். எங்கும் டொக்.
கை தானாகப் பைக்குள் டேப்பைத் தேடியது.
பிறகு சிரிப்பு வந்துவிட்டது.
காலி இடத்தைத்தானே
காசு கொடுத்து வாங்க வந்திருக்கிறேன்.

அறுபதையும் நீட்டினேன்.
ஐந்தை அவனே திருப்பித் தந்தான்,
பிளாஸ்டர் வாங்கிக்கொள்ளச் சொல்லி.

ரயிலில் காலிடுக்கில் பெட்டி.
கென்பராவில் வண்டி நிற்க,
உள்ளே எங்கோ கிணிங்.
செம்பவாங்கிலும் கிணிங்.
ஒரு திருகாணி.
முறுக்கி, உலுக்கி, தட்டிப் பார்த்தபோதெல்லாம்
எந்த இடுக்கிலோ வாயை மூடிக்கொண்டு கிடந்தது.

எதிர் இருக்கைக் குழந்தை
சத்தம் வரும் திசையில் தலை சாய்க்கிறது.

சரி என்று நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த வீடுகளில்
விளக்கணைத்த பிறகு
எதெது வாய் திறந்ததோ.

அட்மிரல்டி. கதவு திறக்கிறது.
பெட்டியைச் சாய்க்காமல் தூக்குகிறேன்.