நாம் என்றால் தண்ணீர்

லாவோ மொழியில் நாம் என்றால் தண்ணீர்.
ஆற்றுக்கும் அதே சொல்.
வரைபடத்தின் தலையில் நாம் சூன் என்று எழுதிய அன்று
யாரோ என்னையும் சேர்த்துக் கூப்பிட்டது போலிருந்தது.

ஜனவரி. பனி விலகப் பத்து மணியாகும்.
கையில் குறியீட்டுப் பட்டியல்:
கெளுத்தி பதினொன்று, அயிரை பதினான்கு,
நண்டு நாற்பது, நத்தை நாற்பத்திரண்டு.
பட்டியலில் இல்லாத எதுவானாலும்
தொண்ணூற்றொன்பது. மற்றவை.

ஆண்கள் படகேற்றி மடுக்களைக் காட்டினார்கள்.
கருவி ஆழம் சொன்னது: பதினெட்டு மீட்டர், இருபத்து மூன்று.
ஒரு மடுவில் எண்கள் நிற்காமல் ஓடின.
காம்சே துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு
"அது அப்படித்தான், யாருக்கும் சொல்லாது" என்றார்.
அடர்நீலம் பூசினேன்.

பெண்கள் படகில் ஏறவில்லை.
முழங்கால் தண்ணீரில் குனிந்து
கல்லின் பச்சைத் தலைமுடியைக் கோதி எடுத்தார்கள்.
ஆற்றுப்பாசி. பெயர் கை.
சிரித்துவிட்டேன். ஏனென்று விளக்கத் தெரியவில்லை.
வெயில் அடிவரை இறங்கும் இடத்தில்தான் வளரும்,
ஒரு முழம் ஏறினால் அழுகும்,
ஒரு முழம் இறங்கினால் காயும்
என்றாள் திப்பகேசோன்.
தொண்ணூற்றொன்பது என்று எழுதினேன்.
தவளை முட்டை? தும்பிக் குஞ்சு?
கரையோரக் கசப்புக் கீரை?
தொண்ணூற்றொன்பது. தொண்ணூற்றொன்பது.
எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"எங்கள் ஆற்றில் எல்லாமே ஒன்றுதானா?"

மாவட்ட அலுவலகத்தில் தரவைச் சுத்தம் செய்தேன்.
சுத்தம் என்றால் மற்றவையை நீக்குவது.
ஆயிரத்து இருநூறு வரிகளில்
மிஞ்சியது முந்நூற்று ஆறு.
நீர்ப்பிடிப்பு முழுவதும் இளைத்து
நூலறுந்த நீலமணிகளாய்
மடுக்கள் மட்டும் கிடந்தன.

இரண்டு பிரதி அச்சிட்டோம்.
பாதுகாப்புக்கு ஒன்று. வளர்ச்சிக்கு ஒன்று.
மணிக்கும் மணிக்கும் நடுவே காலியாய்த் தெரிந்த
பன்னிரண்டு கிலோமீட்டரில்
பொறியாளர் சிசவாத் சிவப்புக் கோடு போட்டார், குறுக்கே.
"ஒரு மடுவையும் நாங்கள் தொடவில்லை."
நல்ல மனிதர். சொன்னது உண்மை.
அவர் மொழியில் எப்படியோ,
என் காதில் நாங்கள் என்றுதான் விழுந்தது;
நாம் என்று விழவில்லை.

கூட்டத்துக்குத் திப்பகேசோன் வந்திருந்தாள்.
பேச அழைத்தபோது எழுந்து
பையைத் திறந்தாள்:
எள் தூவி, தக்காளி வில்லை பதித்து,
தாளாய்க் காயவைத்துப் பொரித்த கை.
மேசையில் வேறு இடமில்லை,
வரைபடத்தின் மேலேயே வைத்தாள்.
எல்லோரும் உடைத்துத் தின்றோம்.
சிசவாத் மூன்று தரம்.
விரலைச் சப்பிக்கொண்டே கேட்டார்,
"எங்கே கிடைக்கிறது இது?"

அவள் பதில் சொன்னாளா, நினைவில்லை.
ஆற்றைத் தாண்டும் கடைசிப் படகு ஐந்து மணிக்கு.

விளக்கணைக்கப் போனபோது கறையைப் பார்த்தேன்.
தண்ணீர் ஒருநாளும் ஏறாத மலைமுகட்டைத் தாண்டி
அடுத்த ஆற்றுக்குள்ளும் எண்ணெய் இறங்கியிருந்தது.
அளவுகோல் வைத்தேன்: பதினோரு கிலோமீட்டர்.
ஒட்டிய எள் நான்கு.
எண்ணெய் குடித்த தாள் கண்ணாடியாகிவிடும் அல்லவா,
வளர்ச்சிக்கு அடியில் கிடந்த பாதுகாப்பு
சிவப்புக் கோட்டின் வழியே தெரிந்தது.

அதிலும் அந்த இடம் காலி.