கீழ்த்தளம்

பெருந்துறை ரோட்டில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஐந்து மாடி.
இதயம் மூன்றாவதில், மூளை நான்காவதில்.
நான் லிஃப்ட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே.
உடம்பின் வரிசைப்படிதான் கட்டியிருக்கிறோம் என்றார் மேனேஜர்
அறை கேட்டுப் போன அன்று.
நானும் சிரித்து வைத்தேன்.

"பதினோரு வருஷம் படிச்சு
காலைப் பிடிக்கற வேலையா அம்மணி?"
சூலூர்ச் சித்தப்பா கேட்டார், வளைகாப்புப் பந்தியில்,
சோற்றைப் பிசையும் என் கையைப் பார்த்தபடி.
கூடப் படித்த மயூரன் நெஞ்சைத் திறந்து மூடுகிறான்.
பெண்கொடுக்க வந்தவர்கள்
அவன் வீட்டுக் கேட்டில் வரிசையாக நின்றார்கள்.

என்னிடம் வருகிறவர்கள்
பாதத்தை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்கிறார்கள்.
"தொடாதீங்க டாக்டரம்மா, எங்களுக்குப் பாவமுங்க."
தொடாமல் எப்படிப் பார்ப்பது?
சாமியின் காலைத் தலைமேல் வைத்துக்கொள்ளும் ஊர்
தன் காலைக் குனிந்து பார்ப்பதில்லை.
அதனால் நான் முதலில் வாசலுக்குப் போவேன்.
செருப்பில் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது,
உள்ளே ஆணி எட்டிப் பார்க்கிறதா,
வார் அறுந்தால் எதைக்கொண்டு கட்டியிருக்கிறார்.
மூன்று மாதச் சர்க்கரையை நோயாளி மறைத்தாலும்
செருப்பு மறைக்காது.

தைப்பூசம் முடிந்து ஐந்தாம் நாள்
ராக்கியண்ணன் வந்தார்.
வெப்படையில் பதினாறு தறி.
காங்கயம் வழியாகப் பழநிக்கு வெறுங்காலில் போய் வந்தவர்.
கட்டைவிரலுக்குக் கீழே
மிளகு அளவு ஒரு துளை.
இடுக்கியோடு வெளியே வந்தது ஒரு சின்ன ஸ்க்ரூ.
வேறு யாரோ தொலைத்ததைப்போல வாங்கிப் பார்த்தார்.
"எங்க தறியோடதுதானுங்க.
வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பனுங்க."

நெஞ்சு வலித்தால்
ராத்திரி இரண்டு மணிக்குக் கார் பிடித்து ஓடிவருகிறார்கள்.
என் ஆட்களுக்கோ
வலி போனதுதான் வியாதி.

அப்புறம் காகிதம்.
இன்சூரன்ஸ் ஃபாரத்தில்
விரலை எடுக்க ஒரு வரி இருந்தது, எதிரே ஒரு தொகை.
விரலை வைத்துக்கொள்ள வரி இல்லை.
ஒன்பது வாரம், நாள்விட்டு நாள் கட்டு;
சுரண்டி, கழுவி, மறுபடி கட்டி,
'இதர செலவு' என்று எழுதி அனுப்பினேன்.
திரும்பி வந்தது.
"எடுத்திருந்தா எல்லாருக்கும் சுலபமுங்க டாக்டர்"
என்றார் மேனேஜர்.
கெட்ட மனுஷர் இல்லை.
மாசக் கடைசி அவருக்கு.

மயூரனின் மேசையில் செவ்வாழைத் தார் கனிந்துகொண்டிருக்கும்.
தப்பிய விரலுக்கு யாரும் தட்டு எடுத்து வருவதில்லை.
காட்டுவதற்கு என்ன இருக்கிறது,
போன மாசம் ஐந்து,
இந்த மாசமும் ஐந்து.

கோயமுத்தூரில் ஒரு வேலை காலி.
சர்க்கரைக்கு மருந்து மட்டும் எழுதினால் போதும்,
ஏசி அறை, இரட்டைச் சம்பளம்,
காலைக் கண்ணால் காண வேண்டியதில்லை.
விண்ணப்பத்தில் தெரிந்தவர் ஒருவர் கையெழுத்து வேண்டுமாம்.
நேற்று அதை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினேன்.

மயூரன் வாசலில் நாற்பது ஜோடி கிடந்தது.
நடுவே,
நான் அளவு சொல்லித் தைக்க வைத்த கறுப்புச் செருப்பு.
குதிகால் பட்டையைக் கத்தியால் அறுத்துவிட்டு
பாவு நூலை முறுக்கிக் கட்டியிருந்தார், பாவி.
எத்தனை தடவை சொன்னேன்.

உள்ளே சட்டையைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

குனிந்து, எடுத்து, திருப்பினேன்.
டோக்கன் கொடுக்கும் பெண் வாய் பார்த்து நின்றாள்.
கட்டைவிரல் படும் இடம் புதுசாகவே இருந்தது.
குதிகால் பக்கம் மட்டும்
ஒரு விரற்கடை தேய்ந்திருந்தது.

நிறைய நடந்திருக்கிறார், மனுஷன்.