காலணி ஒன்று

இடப்பக்கம் என்று கத்தியது நான்தான்.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்,
அன்று யாரும் கேட்கவில்லை என்பதால்.

டிசம்பர். உம்கொமாசி
பால்விட்ட தேநீர் நிறத்தில் வேகமெடுத்திருந்தது.
ஹெல்லா ஹெல்லா பாலத்துக்குக் கீழே, இரண்டாம் நாள்,
ஒரு பாறை எங்களை
சட்டியில் ரொட்டியைப்போல் புரட்டிப் போட்டது.
ஐந்து தலைக்கவசங்கள் உடனே மேலே வந்தன.
ஆறாவது வந்தபோது
அதற்கடியில் சாகரன் எழுந்து நிற்கப் பார்த்தான்.
ஓடும் நீரில் நிற்காதீர்கள் என்று
காலையில்தான் படித்துப் படித்துச் சொன்னார்கள்.
காலுக்குத் தெரிந்ததோ நிற்பது மட்டும்.

இரு பாறைகளுக்கு நடுவே பாதம்.
முதுகில் முழு ஆறு.
சிபோனெலோ கயிறு எறிந்தான்,
எதிர்க்கரையில் தவனேசன் பிடித்தான்.
மார்புக்கு முன்னால் விறைத்த கயிற்றில் சாய்ந்து
சாகரன் மூச்சு வாங்கினான்,
வேலிமேல் சாய்ந்து
அடுத்த வீட்டுக்காரரோடு பேசுகிறவன்போல.

பாதம் வந்தது. காலணி வரவில்லை.
முழங்காலுக்குக் கீழே
கால் தனக்கென்று ஒரு திசை வைத்திருந்தது.

துடுப்பு இரண்டு, மிதவைச் சட்டை நான்கு,
கூடாரத்தின் தரைவிரிப்பு.
அதுதான் கட்டில்.
படுக்கும் பாயைச் சுருட்டிக் காலுக்கு அணைகொடுத்தோம்.
கைபேசிகளில் ஒரு கோடுகூட இல்லை.
மேகம் மலையின் கழுத்துவரை இறங்கியிருந்தது.
ஹெலிகாப்டர் என்ற சொல்லை
யாரோ பாதி சொல்லி விழுங்கினார்கள்.
மேலே, முட்மரங்களுக்கு அப்பால்,
ஒரு மண்சாலை இருக்கிறதாம்.

'கன்சானே, கன்சானே' என்றான் சிபோனெலோ.
மெல்ல, மெல்ல.
நான் எழுதியிருப்பது பிழை.
அந்தச் சொல்லின் நடுவில்
நாக்கு பல்லைத் தட்டிப் பிரிய வேண்டும்.
சாட்ஸ்வர்த்தில், பக்கத்துத் தெருவில் சாவென்றால்
எங்கள் வீட்டில் உச்சுக்கொட்டுவார்களே,
அதே ஒலி.
அடிக்கு ஒருமுறை அவன் மெல்ல என்றான்.
அடிக்கு ஒருமுறை எனக்குப் பாவம் என்று கேட்டது.
யார் செய்த பாவம் என்று
நான் அவனைக் கேட்கவில்லை.

காரின் கண்ணாடியை ஏற்றினேனா என்றான் சாகரன்.
ஐஸ்பெட்டியில் கறி கெட்டுவிடும் என்றான்.
பிறகு பேச்சு நின்றது.
அப்போதுதான் பயந்தோம்.
வனிஷா அவனைத் திட்டத் தொடங்கினாள்:
மார்ச்சில் வாங்கிய முந்நூறு ராண்டை
எப்போதடா தருவாய்?
வெகுநேரம் கழித்து
கட்டிலிலிருந்து ஒரு குரல்:
இருநூற்றைம்பது.

மேட்டில் மாட்லமினி என்பவள்
தண்ணீர்ப் பீப்பாயைத் தள்ளுவண்டியில் வைத்து நின்றாள்.
எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.
அரைநாள் நடந்து கொண்டுவந்த தண்ணீரை
பேசாமல் கீழே இறக்கினாள்.
தோள்போர்வையை மடித்து வண்டிக்குள் விரித்தாள்.
ஒற்றைச் சக்கரம் சாலைவரை கிறீச்சிட்டது.
அவள் அண்ணன் மகனின் பக்கி வண்டியில்
இரண்டு ஆடுகள் இருந்தன.
இறங்க மறுத்தன.
அவையும் வந்தன.

இக்சோபோ ஆஸ்பத்திரி. இரவு எட்டு மணி.
எப்படி நடந்தது என்று தாதி கேட்டாள்.
நான் வாயைத் திறந்தேன்.
'நானாகத்தான் எழுந்து நின்றேன்' என்றான் சாகரன்,
ஊசியின் மயக்கத்தில், கூரையைப் பார்த்து.
வாயை மூடிக்கொண்டேன்.
இன்றும் அவனைப் பார்க்கும்போதெல்லாம்
அது அப்படியே மூடியிருக்கிறது.

நோயாளியின் உடைமைகளை எழுதிக்கொண்டாள்:
நனைந்த பணப்பை, கைக்கடிகாரம்,
காலணி ஒன்று.
ஒன்றுதானா?
ஒன்றுதான்.

மற்றது அங்கே,
இடப்பக்கத்தில்,
இரு பாறைகளுக்கு நடுவே.
தன் கால் அதற்குள் நுழைகிறதா என்று
ஆறு போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்.